இலை போடுறதுக்கு முன்னாடியே சாம்பாரா? (ஜேக்வெரி சுருக்குவழிகள் பத்தி ஒரு புலம்பல்)

ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு மேட்டர். ஆணி கொஞ்சம் கம்மியா இருக்கிற வாரம்ங்கிறதால இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உட்கார்ந்தாச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, காபி எடுத்துட்டு வந்துடுங்க.

"பக்கம் திறந்ததும் என் ஜேக்வெரி நிரல் ஓடணும், இருக்கிறதுலயே சுருக்கமா எழுதுறது எப்படி?" பதிவர் வட்டத்துல மாசத்துக்கு ஒருத்தராவது இதைக் கேட்டுடுறாங்க. கேட்ட அரை நிமிஷத்துல பதிலும் வந்துடுது. "டாக்குமெண்ட் ரெடியெல்லாம் எதுக்கு தல, வெறும் டாலர் போட்டு அடைப்புக்குறிக்குள்ள ஃபங்ஷனைத் தூக்கிப் போடுங்க, முடிஞ்சது சோலி." கேட்டவர் நன்றி சொல்லி டெம்ப்ளேட்ல ஒட்டிடுறார். சுபம்.

பதில் தப்புன்னு நான் சொல்ல வரலை. கேள்வியே பாதிதான்ங்கிறதுதான் என் கட்சி. "எவ்வளவு சுருக்கமா எழுதலாம்"னு கேட்கிறோம். "எந்த நேரத்துல ஓடணும்", "பக்கம் திறக்கும்போதே இது ஓடித்தான் ஆகணுமா"ன்னு ரெண்டு கேள்வி அதுக்கு முன்னாடி இருக்கு. அந்த ரெண்டையும் யாரும் கேட்கிறதே இல்ல. அதோட விலையை நாம கட்டுறதில்ல, நம்மளைப் படிக்க வர்றவர் கட்டுறார்.

ஒரு சின்ன அறிவிப்பு. இந்தப் பதிவுல நிரல் ஒரு வரிகூட ஒட்டப் போறதில்ல. ஒட்டினா என்ன நடக்கும்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும் :-) எல்லாத்தையும் ஃபோன்ல சொல்ற மாதிரி வாயாலதான் சொல்லப் போறேன்.

பந்தியும் பக்கமும்

எங்க காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்தி பார்த்திருப்பீங்க. முதல்ல இலை போடணும், தண்ணி தெளிச்சுத் துடைக்கணும், அப்புறம்தான் ஒவ்வொண்ணா வரும். இலை போடாத இடத்துல சாம்பார் வாளியைச் சாய்ச்சா வேட்டியிலதான் விழும். அதேபோல "பாயசம் வந்தப்புறம்தான் முதல் வாய் சோறு எடுத்து வைப்பேன்"னு ஒருத்தர் உட்கார்ந்திருந்தா பந்தியில எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போயிருப்பாங்க.

உலாவிக்குள்ள நடக்கிறதும் இதேதான். எச்டிஎம்எல்-ஐ மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சு, பக்கத்தோட எலும்புக்கூடு தயாரானதும் உலாவி ஒரு குரல் கொடுக்கும். அதுக்குப் பேரு டாம்கண்டென்ட்லோடட். இது இலை போட்டாச்சுங்கிற சேதி. பக்கத்துல இருக்கிற படம், சட்டகம், ஸ்டைல்ஷீட்டுன்னு எல்லாமே வந்து சேர்ந்தப்புறம் இன்னொரு குரல் வரும், அது விண்டோ லோட். பாயசமும் வந்தாச்சுங்கிற சேதி.

ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்? பதிவைப் பொறுத்தது. வெறும் கவிதைன்னா கண்ணிமைக்கிற நேரம். கானாடுகாத்தான் வீடுகளோட 40 படத்தை, கேமராவுல எடுத்த அளவு மாறாம அப்படியே ஏத்தி வெச்ச பதிவுன்னா, சுமாரான மொபைல் இணைப்புல நிமிஷக்கணக்குல ஆகும்.

ஆரம்ப காலத்துல நம்மகிட்ட இருந்தது ரெண்டாவது குரல் மட்டும்தான். அதுவும் விண்டோ ஆன்லோட்ங்கிற ஒத்தை நாற்காலி. ரெண்டு பேர் உட்கார முடியாது. மேல இருக்கிற கவுண்டர் பட்டை அதுல தன் ஃபங்ஷனை உட்கார வைக்கும், கீழ இருக்கிற காலண்டர் பட்டை வந்து அதை எழுப்பிட்டு தான் உட்கார்ந்துக்கும். கவுண்டர் ஓடாது. ஏன்னு யாருக்கும் புரியாது. 2004-ல சைமன் வில்லிசன்ங்கிறவர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிற ஃபங்ஷனைத் தள்ளாம வரிசையில சேர்க்கிற ஒரு குட்டி ஃபங்ஷனை எழுதி வெளியிட்டார். உலகமே அதை எடுத்து ஒட்டிக்கிச்சு. ஆனா அதுவும் பாயசத்துக்காகத்தான் காத்திருந்தது.

2006 ஜனவரியில நியூயார்க் பார்கேம்ப்ல ஜான் ரெசிக் ஜேக்வெரியை அறிமுகப்படுத்தினார். அதோட ரெடி ஃபங்ஷன் இலை போட்ட உடனேயே கூப்பிட்டது. அன்னிக்கு அது பெரிய விஷயம். ஏன்னா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு டாம்கண்டென்ட்லோடட்னா என்னன்னே தெரியாது, 2011-ல பதிப்பு 9 வந்தப்புறம்தான் தெரிஞ்சது. அதுவரைக்கும் அந்த உலாவிக்குள்ள என்னென்ன தில்லாலங்கடி பண்ணணுமோ அத்தனையையும் ஜேக்வெரி உள்ளுக்குள்ள பண்ணிட்டு, நமக்கு ரெடின்னு ஒத்தை வார்த்தையைக் கொடுத்தது. "இன்னுமாப்பா ஜேக்வெரி?"ன்னு நக்கல் பண்றவங்க இந்த வரலாறைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கணும். உலகத்துல பாதிக்கும் மேலான தளங்கள்ல இன்னிக்கும் அது ஓடிக்கிட்டுதான் இருக்கு.

டாலர் ஒரு விலாசம்

இப்ப சுருக்குவழிக்கு வருவோம். நீளமான வடிவம்: டாலர், அடைப்புக்குறிக்குள்ள டாக்குமெண்ட், புள்ளி, ரெடி, அதுக்குள்ள நம்ம ஃபங்ஷன். சுருக்கமான வடிவம்: டாலர், அடைப்புக்குறி, உள்ளே நேரா ஃபங்ஷன். ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

செட்டிநாட்டுக்காரங்களுக்கு இது ஒண்ணும் புதுசில்ல. பர்மா, மலாயா, இலங்கைன்னு கொண்டுவிக்கப் போன நகரத்தார் வீடுகள்ல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விலாசம் உண்டு. முகவரி இல்லீங்க. முன்னோர் பேரோட முதலெழுத்துகளைக் கோத்து வர்ற தொடர், கடைக்கே அதுதான் பேரு. தமிழ்நாடு முழுக்கத் தெரிஞ்ச ஏவிஎம்ங்கிற மூணு எழுத்தும் காரைக்குடி ஏவி. மெய்யப்பன் பேரோட சுருக்கம்தானே. வட்டிக்கடைப் பேரேடு தொடங்கி சீர்ப் பாத்திரம் வரைக்கும் அந்த எழுத்துகளை வெட்டி வெச்சிருப்பாங்க. முழுப் பேரு எழுத வேண்டியதே இல்ல. விலாசத்தைப் பார்த்தாலே எந்த ஊர், எந்த வீடுன்னு சொல்லிடுவாங்க.

தெரிஞ்சவங்களுக்கு மட்டும்! இப்ப காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்க. பித்தளைப் பாத்திரம் அடுக்கடுக்கா கிடக்கும், ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு எழுத்து வெட்டியிருக்கும். யார் வீட்டுது? வாங்குறவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விக்கிறவருக்கும் தெரியாது. எழுத்து அப்படியே இருக்கு, அதைப் படிக்கத் தெரிஞ்ச வீடு கலைஞ்சு போச்சு.

டாலர் போட்டு ஃபங்ஷன் எழுதுறதும் இப்படி ஒரு விலாசம்தான். தினமும் பொட்டி தட்டுற எனக்கு அதைப் பார்த்ததுமே "இலை போட்டதும் ஓடும்"னு புரிஞ்சிடும். எங்கேயோ பார்த்து டெம்ப்ளேட்ல ஒட்டின பதிவருக்கு? அஞ்சு வருஷம் கழிச்சு ஏதோ ஒண்ணு உடைஞ்சதும் திறந்து பார்ப்பார். டாலர் இருக்கும், ரெண்டு அடைப்புக்குறி இருக்கும். எப்ப ஓடும், எதுக்காகக் காத்திருக்குன்னு சொல்ற ஒரு வார்த்தைகூட இருக்காது. ரெடிங்கிற அஞ்சு ஆங்கில எழுத்தைச் சேமிக்கப் போய் அந்த வரியோட மொத்த அர்த்தத்தையும் தூக்கிக் கொடுத்திருக்கோம்.

ஒரே விலாசம் ரெண்டு வீட்டுக்கு இருந்தா குழப்பம்தானே? அதுவும் நடந்திருக்கு. டாலர்ங்கிற அதே குறியை புரோட்டோடைப்ங்கிற இன்னொரு நூலகமும் வெச்சிருந்தது. அதனாலதான் ஜேக்வெரிக்குள்ள நோகான்ஃப்ளிக்ட்னு ஒரு வசதி: "டாலரை நீயே வெச்சுக்க, நான் முழுப்பேரோட இருந்துக்கிறேன்." வேர்ட்பிரஸ் தன்கூட வர்ற ஜேக்வெரியை இந்த முறையிலதான் தருது. அங்கே போய் வெறும் டாலர் போட்டா "டாலரா, அது யாரு?"ன்னு கேட்கும். ஜேக்வெரின்னு முழுப்பேரு எழுதி, அடைப்புக்குறிக்குள்ள ஃபங்ஷன் போட்டு, அந்த ஃபங்ஷனுக்கு டாலரை உள்வாங்கும் பேராக் கொடுக்கணும். வெளியில முழுப்பேரு, வீட்டுக்குள்ள மட்டும் செல்லப்பேரு. இருக்கிற சுருக்குவழிகள்லயே எனக்குப் பிடிச்சது இதுதான்.

எதிர்க்கட்சி வாதம்

நியாயமாப் பேசணும்னா எதிர்த்தரப்பையும் சொல்லணும். 2016 ஜூன்ல வந்த ஜேக்வெரி 3.0-லேர்ந்து அதிகாரபூர்வமாப் பரிந்துரைக்கிற ஒரே வடிவம் அந்தச் சுருக்கமான டாலர்-ஃபங்ஷன்தான். நீளமான டாக்குமெண்ட் ரெடி இன்னும் வேலை செய்யும், ஆனா "கைவிடப்பட்டது" பட்டியல்ல போட்டுட்டாங்க. அவங்க சொல்ற காரணமும் சரியானதுதான். ரெடிக்கு முன்னாடி அடைப்புக்குறிக்குள்ள நாம எதை எழுதினாலும் அதை அது கண்டுக்கிறதே இல்ல. டாக்குமெண்ட்னு எழுதினாலும் சரி, காலியா விட்டாலும் சரி, படத்துக்கான ஐஎம்ஜி டேக் பேரை எழுதினாலும் சரி, எல்லாத்துக்கும் ஒரே நேரம்தான். "ஐஎம்ஜி புள்ளி ரெடி போட்டிருக்கேன், படம் வந்தப்புறம்தான் ஓடும்"னு நம்பிக்கிட்டு இருக்கிறவங்க உண்டு. ஓடாது சாமி. இலை போட்டதுமே ஓடிடும், அப்ப படம் பாதி வழியில இருக்கும். ஆக, நீளமான வடிவம் இல்லாத ஒரு அர்த்தத்தைக் காட்டி ஏமாத்துது, சுருக்கமானதே நேர்மையானதுங்கிறது அவங்க வாதம்.

நூலகம் எழுதுறவங்க பார்வையில ஒத்துக்கிறேன். ஆனா பதிவர்கள்ல பலருக்கு நிரல் எழுதுறது தொழில் இல்ல. கவிதை எழுதுறவங்க, சமையல் எழுதுறவங்க, ஊர் வரலாறு எழுதுறவங்க. அவங்க டெம்ப்ளேட்ல இருக்கிற வரி அவங்களுக்கே புரியணும். சுருக்கமாத்தான் எழுதுவேன்னா எழுதுங்க. மேல ஒரு வரி தமிழ்க் குறிப்பு போடுங்க: "பக்கத்தோட கட்டமைப்பு தயாரானதும் இது ஓடும், படங்களுக்காகக் காத்திருக்காது." குறிப்பு எழுத காசா பணமா?

போன எழுத்துகள் எங்கே போச்சு?

அதே 3.0 வேறு ரெண்டு சுருக்குவழிகளை ஒரேயடியாத் தூக்கிடுச்சு. ஒண்ணு, ஆன்ங்கிற ஃபங்ஷனுக்குள்ள ரெடின்னு பேர் கொடுக்கிறது. இன்னொண்ணு, டாலர் விண்டோ புள்ளி லோட்னு போட்டு உள்ளே ஃபங்ஷன் கொடுக்கிறது. ரெண்டுமே 1.8-லேர்ந்து "இதைப் பயன்படுத்தாதீங்க" பட்டியல்ல இருந்ததுதான். லோட்ங்கிற அதே பேர்ல வேற ஒரு வேலையும் உண்டு, ஒரு முகவரியிலேர்ந்து உள்ளடக்கத்தை இறக்குறது. சுருக்குவழியைத் தூக்கினப்புறம் லோட் எழுதினா அது முகவரியை எதிர்பார்க்கும். நாம ஃபங்ஷனைக் கொடுப்போம். "இண்டெக்ஸ்ஆஃப் ஒரு ஃபங்ஷன் இல்லை"ன்னு சம்பந்தமே இல்லாத ஒரு பிழைச்செய்தி வரும். பார்த்தவங்க ஙேன்னு முழிச்சாங்க.

2020 ஆகஸ்ட்ல வேர்ட்பிரஸ் 5.5 வந்தப்ப, பழைய வழிகளுக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு இருந்த ஜேக்வெரி மைக்ரேட்டை எடுத்தாங்க. டிசம்பர்ல 5.6-ஓட ஜேக்வெரி 3.5.1 வந்தது. பழைய தீம் வெச்சிருந்தவங்க பலருக்கு அந்த வருஷம்தான் தங்களோட டெம்ப்ளேட்டுக்குள்ள ஜேக்வெரின்னு ஒண்ணு இருக்கிறதே தெரிய வந்தது.

இந்த மாதிரி மாற்றம் நடுவுல எங்க ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தரையும் கடிச்சு வெச்சது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இளையாத்தங்குடின்னு நகரத்தாரோட ஒன்பது கோயில்களைப் பத்தியும் தனித்தனியா எழுதி வெச்சிருந்தார். யாரோ இலவசமாக் கொடுத்த ஒரு தீம் போட்டிருந்தார், பேரு வேண்டாம். பக்கத்தைத் திறந்தா முதல்ல வெள்ளைத் திரை, நடுவுல ஒரு வட்டம் சுத்தும், எல்லாம் வந்தப்புறம் திரை விலகும். அந்தத் திரையை விலக்குற வேலை, நான் மேல சொன்ன லோட் சுருக்குவழியில இருந்தது. நூலகம் புதுசானதும் அந்த வரி செத்துப் போச்சு. திரை விலகவே இல்ல. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

ஃபோன் பண்ணினார். "எழுதுனது அம்புட்டும் போயிருச்சா தம்பி?"

"இல்ல சார், எல்லாம் பத்திரமா இருக்கு. ஒரு திரை மறைச்சிட்டு நிக்குது, அவ்வளவுதான்."

"திரையை நான் போடலியேப்பா?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? உண்மைதானே, அவர் போடலை. எழுத்து வந்து சேர்ந்தாச்சு. மூலத்தைத் திறந்து பார்த்தா முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் இருக்கு. உலாவி அதை வரைஞ்சும் வெச்சாச்சு. படிக்க வந்தவருக்கும் எழுத்துக்கும் நடுவுல யாரோ அழகுக்குன்னு போட்ட நாலு வரி நிக்குது. அந்த வரிகளை எடுத்துவிட அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஆனா அதுக்கு முந்தி மூணு வாரமா அவர் பக்கம் யாருக்குமே தெரியலை. வந்தவங்க பார்த்துட்டுப் போயிட்டாங்க, ஒருத்தர்கூட அவர்கிட்ட சொல்லலை. சுத்துற வட்டத்தைப் பார்த்தா நாமளும் அதைத்தானே செய்வோம்?

இந்தச் சுத்துற வட்டத்து மேல எனக்கு இருக்கிற கோபம் அன்னிக்கு வந்ததுதான். பாயசம் வர்ற வரைக்கும் இலையை மூடி வைக்கிற வேலை அது. ஒழுங்கா வேலை செஞ்சாலும் தப்பு, உடைஞ்சா இன்னும் பெரிய தப்பு.

ரெடி உங்க கையில இல்ல

இன்னொரு விஷயம், பட்டை பிரியர்களுக்காக (யாரைச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்). டிஃபர், அசிங்க்னு எதுவும் போடாத ஒரு ஸ்கிரிப்ட் டேக் நடுவுல வந்தா உலாவி அங்கேயே நின்னுடும். அந்தக் கோப்பு எங்கேர்ந்தோ இறங்கி, ஓடி முடிச்சப்புறம்தான் அடுத்த வரியைப் படிக்கும். அந்தத் தளத்தோட சர்வர் தூங்கிட்டா உங்க பக்கமும் தூங்கும். உலாவி பொறுத்துப் பார்த்துக் கைவிடுற வரைக்கும் இலையே போடப்படாது. அப்ப நீங்க டாலர் போட்டு எழுதினதும் ஓடாது, டாக்குமெண்ட் ரெடி போட்டு எழுதினதும் ஓடாது. சுருக்கமா நீளமாங்கிற சண்டைக்கே அங்க இடமில்ல.

நம்ம பழைய பதிவுகளை ஒரு நடை போய்ப் பாருங்க. ஓட்டுப் பட்டை, கவுண்டர், "இப்போது படிப்பவர்கள்", பாட்டுப் பெட்டி. இதையெல்லாம் கொடுத்த தளங்கள்ல பாதி மூடியாச்சு, டேக் மட்டும் டெம்ப்ளேட்ல உட்கார்ந்திருக்கு. மூடின தளத்தோட பேரை வேற யாராவது வாங்கிட்டா அடுத்த ஆபத்து. 2024-ல பாலிஃபில் ஐஓ கதை தெரியும்தானே? நல்ல காரியத்துக்காக லட்சக்கணக்கான பேர் இணைச்சிருந்த ஸ்கிரிப்ட் தளம் அது. பிப்ரவரியில கை மாறினது. ஜூன்ல பார்த்தா, அதை இணைச்சிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியா வாசகர்களை மோசடிப் பக்கங்களுக்குத் திருப்பிவிடுற நிரல் போய்க்கிட்டு இருந்தது. தளம் வெச்சிருந்தவங்க ஒரு எழுத்தைக்கூட மாத்தலை. பக்கம் திறந்ததும் அடுத்தவன் நிரலை ஓட விடுறதுன்னா வீட்டுச் சாவியை அவன் கையில கொடுக்கிறதுதான். வீட்டை வித்துட்டுப் போகும்போது சாவியையும் சேர்த்தே கொடுத்துட்டுப் போவான்.

எடைக்கணக்கும் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். யுடிஎஃப்-8-ல தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ஆயிரம் வார்த்தைப் பதிவு தோராயமா 25 லேர்ந்து 30 கிலோபைட் வரும், சுருக்கி அனுப்பினா அதுல ஒரு பங்குதான். ஜேக்வெரி 3 வரிசை சுருக்கி அனுப்பினப்புறமே ஏறக்குறைய 30 கிலோபைட். ஒரு பெட்டியை மூடித் திறக்கிறதுக்காக, மொத்தப் பதிவையும்விடப் பெரிய நூலகத்தை அனுப்புறோம். சாப்பாட்டைவிட இலை கனம் :-)

கேட்டப்புறம் பரிமாறுறது

அப்ப என்னதான் பண்ணலாம்? வழிகாட்ட நம்ம தமிழ்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. தமிழ் விக்கிப்பீடியா.

அங்கே தமிழ்ல தட்டச்சுப் பண்றதுக்கான கருவி பக்கத்துக்குள்ளயே இருக்கு. 2011-ல நாராயம்னு ஒரு நீட்சி வந்தது. மலையாளத்துல எழுத்தாணிக்கு அந்தப் பேரு. 2013-ல அந்த இடத்துக்கு யுனிவர்சல் லாங்குவேஜ் செலக்டர் வந்தது, அதுக்குள்ள தட்டச்சு வேலையைப் பார்க்கிறது ஜேக்வெரி ஐஎம்இ. இப்ப யோசிங்க. எழுதுற பெட்டி பக்கத்துல வர்றதுக்கு முன்னாடியே கருவி ஓடினா ஒட்டிக்க இடமிருக்காது. ரெடி வரைக்கும் காத்திருந்து ஓடினா, அப்புறமா முளைக்கிற பெட்டிகளை விட்டுடும். படிக்க மட்டுமே வர்ற ஆயிரம் பேருக்கும் தமிழ்99, எழுத்துப்பெயர்ப்புன்னு எல்லா விசைப்பலகையையும் சேர்த்து அனுப்பினா அநியாயம்.

அவங்க என்ன பண்ணினாங்கன்னா, பக்கம் திறக்கும்போது ஒரு சின்னக் காவல்காரனை மட்டும் நிறுத்தி வெச்சாங்க. யாராவது எழுதுற பெட்டிக்குள்ள கர்சரை வெச்சா அவன் கவனிப்பான். அந்த நொடியிலதான் தட்டச்சு நூலகமே இறங்கும். பெட்டி எப்ப முளைச்சாலும் சரி. படிக்க வந்தவருக்கு அந்தச் சுமையே கிடையாது. பந்தியில "இன்னும் கொஞ்சம் ரசம்?"னு கேட்டுக் கேட்டு ஊத்துவாங்களே, அந்த முறை. பக்கம் திறந்ததும் ஓட்ட வேண்டியதுன்னு நாம நினைக்கிறதுல பாதிக்கும் மேல இந்த வகையிலதான் போய்ச் சேரும். பின்னூட்டப் பெட்டிக்கான ஸ்மைலி, படத்தைப் பெரிசாக்கிக் காட்டுறது, சமூகத்தளப் பொத்தான் எல்லாமே யாராவது தொட்டா மட்டும்தான் தேவை.

என் பக்கத்துல நான் வெச்சிருக்கிற முறை இதுதான். வேணும்னா நீங்களும் எடுத்துக்கலாம்:

1. முதல்ல கேள்வி: இது ஓடலேன்னா பதிவைப் படிக்க முடியுமா? முடியும்னா அதுக்கு அவசரம் கிடையாது. முடியாதுன்னா அங்கே தப்பு நிரல்ல இல்ல, டெம்ப்ளேட்ல. எழுத்தை மறைக்கிற எதையும் நான் வைக்கிறதில்ல.

2. தனிக்கோப்பா இருக்கிற ஸ்கிரிப்டுக்கு டிஃபர் போட்டுடுவேன். அது பக்கத்தை நிறுத்தாம இறங்கும், இலை போட்டு முடிச்சதும் எழுதின வரிசையிலேயே ஓடும். அதுக்குள்ள டாலரும் வேண்டாம், ரெடியும் வேண்டாம், நேரா வேலையை எழுதலாம். இருக்கிறதுலயே சுருக்கமான சுருக்குவழி வேணும்னு கேட்டீங்கல்ல, இதுதான் அது. பிளாக்கர் டெம்ப்ளேட் எக்ஸ்எம்எல்ங்கிறதால வெறும் டிஃபர்னு எழுதினா ஏத்துக்காது. டிஃபர், சமக்குறி, மேற்கோளுக்குள்ள மறுபடி டிஃபர்னு எழுதணும்.

3. ஒரு பொறி இருக்கு, கவனம். ஜேக்வெரிக்கு டிஃபர் போட்டுட்டு, பக்கத்துக்குள்ளயே எழுதின நிரல்ல டாலர் போட்டா உடைஞ்சிடும். அந்த வரி ஓடும்போது ஜேக்வெரி இன்னும் ஓடியிருக்காது. உள்ளே எழுதின நிரலுக்கு டிஃபர் போட்டாலும் பிரயோஜனமில்ல, அது தனிக்கோப்புக்கு மட்டும்தான். அந்த இடத்துல உலாவியோட சொந்த வழியில, டாக்குமெண்ட்டுக்கு ஆட்ஈவெண்ட்லிஸனர் போட்டு டாம்கண்டென்ட்லோடட்க்குக் காத்திருக்கச் சொல்லுங்க. டிஃபர் கோப்பெல்லாம் ஓடின பிறகுதான் அந்தக் குரல் வரும், அதனால ஜேக்வெரி கட்டாயம் இருக்கும். நீளமான வரிதான். ஆனா என்ன நடக்குதுன்னு அதுவே சொல்லும்.

4. படத்தோட அகலம் உயரம் தெரிஞ்சே ஆகணும்னா மட்டும் விண்டோ லோட். ஆன்ங்கிற ஃபங்ஷனுக்குள்ள லோட்னு பேர் கொடுத்து எழுதணும். அதை ரெடிக்குள்ள வைக்காதீங்க. 3.0-லேர்ந்து ரெடி கொஞ்சம் தாமதமாக் கூப்பிடும், அதுக்குள்ள லோட் குரல் கொடுத்துட்டுப் போயிருக்கலாம். வெளியிலயே எழுதுங்க.

5. வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கிற மாதிரி, டெம்ப்ளேட்டைத் திறந்து செத்துப் போன பட்டைகளைத் தூக்கிப் போடுங்க. போகிக்கே பண்ணிடலாம்.

சுருக்குவழி எனக்கும் பிடிக்கும்தான், சம்பளமே அதுலதான் ஓடுது. அலுவலகத்துல டாலர் போட்டு ஃபங்ஷன் எழுதினா பக்கத்து சீட்டுக்காரனுக்குப் புரியும், விலாசம் தெரிஞ்ச வீடு அது. வலைப்பதிவுக்கு அப்படி ஒரு வீடு கிடையாது. நாம எழுதி ஒட்டினது நாம எழுதுறதை நிறுத்தினப்புறமும் அங்கேயே கிடக்கும். பத்து வருஷம் கழிச்சு எங்கேயோ ஒரு ஊர்ல, சுமாரான ஃபோன்ல, இளையாத்தங்குடின்னு தேடிட்டு ஒரு புள்ள வந்து நிக்கும். அதுக்கு வேண்டியது நாம எழுதின நாலு பத்தி. வட்டம் சுத்துறதை வேடிக்கை பார்க்க வரலை.

இன்னிக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. உங்க உலாவியில ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திட்டு உங்க பதிவை நீங்களே திறந்து பாருங்க. பிளாக்கர்ல சில டெம்ப்ளேட்டுகள் வெறும் வெள்ளையாத்தான் வரும். அப்படி வந்தா, சாதாரண டெம்ப்ளேட்டுக்கு மாறலாமான்னு கொஞ்சம் யோசிங்க. என்ன தெரிஞ்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. டாலர் கட்சிக்காரங்களும் தாராளமா வந்து கும்மலாம், வாசல் திறந்தே இருக்கு.

டிஸ்கி: இந்தப் பதிவுக்குப் பின்னாடி பக்கம் திறந்ததும் ஓடுற நிரல் எதுவும் இல்ல. நம்பலேன்னா மூலத்தைத் திறந்து பார்த்துக்கலாம் :-)